ஒப்பந்தத்தைப் படித்துத் தன்னை அமைத்துக்கொள்ளும் மென்பொருள்

பல வருடங்களுக்கு முன், இரண்டு நிறுவனங்களின் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் வேலையில் இருந்தேன். ஒரு பக்கம் கடைகள் நடத்தும் நிறுவனம், மறுபக்கம் அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனம். கொள்முதல் ஆர்டர் இங்கிருந்து கிளம்பி அங்கே போகும். "கிடைத்தது" என்று அங்கிருந்து ஒப்புகை திரும்பி வரும். ஒப்பந்தத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது: ஒப்புகை வராவிட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும், அதிகபட்சம் 3 முறை. அந்த ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து சர்வரின் செட்டிங்ஸில் அடித்தேன்.

அந்த மென்பொருளில் கால அளவை ஒரு சர்வதேசக் குறியீட்டில் எழுத வேண்டும். 5 நிமிடத்துக்கு 'பிடி5எம்' என்று போடுவார்கள். நான் நடுவில் இருந்த 'டி'யை விட்டுவிட்டு 'பி5எம்' என்று அடித்துவிட்டேன். 'டி' இருந்தால்தான் 'எம்' என்பது நிமிடம். இல்லாவிட்டால் அது மாதம். மென்பொருள் எந்தக் குறையும் சொல்லவில்லை, 5 மாதம் என்பதும் முறையான கால அளவுதானே. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மறுபக்கத்து சர்வர் சில நிமிடம் படுத்துவிட்டது. அந்த நேரத்தில் கிளம்பிய ஆர்டர்கள் எல்லாம் 5 மாதம் கழித்துத் திரும்பப் போவதற்காக வரிசையில் உட்கார்ந்துவிட்டன. திங்கட்கிழமை காலையில் கடைகளில் இருந்து "சரக்கு வரவில்லையே" என்று ஃபோன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. இரண்டு தரப்பும் பேசி, ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்கிறது. அதே விஷயம் மென்பொருளுக்குள் இன்னொரு பிரதியாக, என் கையால் அடிக்கப்பட்டு இருக்கிறது. இந்த இரண்டாவது பிரதி எதற்கு? ஒப்பந்தத்தை மென்பொருளே நேராகப் படித்து, அதற்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்ளக் கூடாதா?

கூடும். இதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. அதை முதலில் இருந்து பார்ப்போம்.

மின்னணு ஒப்பந்தம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிய பிடிஎஃப்தான். அதில் டிஜிட்டல் கையொப்பம்கூட இருக்கலாம். ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது ஒரு படம், அல்லது வெறும் எழுத்துக் குவியல். 'ஐந்து நிமிடம்' என்று அதில் இருப்பதை மனிதர் படித்து, புரிந்துகொண்டு, வேறோர் இடத்தில் அடிக்க வேண்டும். நாம் பேசப்போகும் ஒப்பந்தம் அப்படிப்பட்டதல்ல. அதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பெயரிட்ட ஒரு கட்டம் உண்டு. 'மறுமுயற்சிகள்' என்ற கட்டத்தில் 3, 'இடைவெளி' என்ற கட்டத்தில் 5 நிமிடம், 'முகவரி' என்ற கட்டத்தில் மறுதரப்பு சர்வரின் முகவரி. கட்டங்களின் பெயரும் வரிசையும் முன்கூட்டியே தரப்படுத்தப்பட்டவை. அதனால் எந்த மென்பொருளும் அதைத் திறந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியும்.

இந்த எண்ணம் புதியதல்ல. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஐபிஎம் ஆய்வாளர்கள் வணிகக் கூட்டாளிகளுக்கு இடையிலான உடன்படிக்கையை எக்ஸ்எம்எல் வடிவில், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி இட்டு எழுதும் முறையில், எழுத ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதே சமயம், ஐக்கிய நாடுகள் சபையின் வணிக வசதிப்பாட்டு அமைப்பான யுஎன்/சிஃபாக்ட்டும் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பும் சேர்ந்து 1999 இறுதியில் ஈபிஎக்ஸ்எம்எல் என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தன. மின்வணிகத்துக்கு உலகப் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்பது நோக்கம். பதினெட்டு மாதத் திட்டம், 2001 மே மாதத்தில் முதல் தொகுதி வெளிவந்தது. ஐபிஎம்மின் அந்த மொழியும் இதற்குள் வந்து கலந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சிபிஏ' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒத்துழைப்பு உடன்படிக்கை ஆவணம். பின்னர் அது ஐஎஸ்ஓ 15000 என்ற தர வரிசையிலும் இடம்பிடித்தது.

சிபிஏ எப்படிப் பிறக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைப் பற்றி ஒரு சுயவிவரம் எழுதி வைக்கிறது. அதற்கு 'சிபிபி' என்று பெயர். "என்னால் இன்னின்ன வழியில் செய்தி வாங்க முடியும், செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் இன்னின்ன குறியாக்கம் தெரியும், என்னை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் இது, வாங்குபவராகவும் இருப்பேன், விற்பவராகவும் இருப்பேன்." இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்ய நினைத்தால், இரண்டு சுயவிவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவருக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று வழி தெரியும், இன்னொருவருக்கு இரண்டு வழி தெரியும், பொதுவாக இருப்பது ஒன்றுதான் என்றால் அந்த ஒன்று ஒப்பந்தத்தில் ஏறும். ஒன்றுமே பொதுவாக இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அந்தச் செய்தி முதல் நாளே தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, மூன்று வாரம் வேலை பார்த்த பிறகு "எங்கள் சர்வருக்கு அந்தக் குறியாக்கம் தெரியாது" என்று கேட்டவர்களுக்குப் புரியும்.

இப்படி உருவாகும் ஆவணத்துக்கு ஒரு நிலையும் உண்டு. முதலில் 'முன்மொழியப்பட்டது', பிறகு 'ஒப்புக்கொள்ளப்பட்டது', கடைசியில் 'கையொப்பமிடப்பட்டது'. கையொப்பம் விழுந்த பிறகு ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்பதும், ஒரே நேரத்தில் எத்தனை உரையாடல்கள் நடக்கலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும்.

சரி, ஆவணம் வந்துவிட்டது. மென்பொருள் அதை வைத்து என்ன செய்யும்?

ஒரு நிறுவனத்தின் பக்கம் இருக்கும் மென்பொருள் ஒரே கட்டியாக இருக்காது. பல கூறுகளாகப் பிரிந்திருக்கும். செய்தியை அனுப்பி வாங்கும் கூறு ஒன்று. அனுப்ப முடியாதவற்றை வரிசையில் வைத்திருக்கும் கூறு இன்னொன்று. சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தும் பெட்டகம், வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று நடத்திவைக்கும் கூறு, எல்லாவற்றையும் கண்காணித்துக் கணக்கெழுதும் கூறு என்று மற்றவையும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைவு உண்டு. அலுவலகத்தில் கான்ஃபிகரேஷன் என்போமே, அதுதான். ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி சில சமயம் ஒரே கூறுக்குப் போகும், சில சமயம் மூன்று கூறுகளுக்குப் போகும். மறுதரப்பின் சான்றிதழ் பெட்டகத்துக்குப் போனால் போதும். ஆனால் 'ஒப்புகை கட்டாயம்' என்ற வரி அப்படியில்லை: அனுப்பும் கூறு ஒப்புகை கேட்க வேண்டும், வரிசைக் கூறு ஒப்புகை வரும்வரை செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், கண்காணிப்புக் கூறு வராத ஒப்புகைகளை எண்ண வேண்டும்.

எந்த வரி எங்கே போகும் என்ற இந்தப் பொருத்த அட்டவணைதான் முழு வேலையின் இதயம். அதை ஒருமுறை கவனமாக மனிதர்கள் எழுதுகிறார்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் அதே அட்டவணை வேலை செய்யும். பத்தாவது கூட்டாளியும் நூறாவது கூட்டாளியும் ஒரே வழியில் உள்ளே வருவார்கள்.

அமைவை எழுதும் முன் செய்யவேண்டிய சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது. என் 'பி5எம்' தவறை அது அப்போதே பிடித்திருக்கும். ஈபிஎக்ஸ்எம்எல் செய்தித் தரம் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறது: ஒரு செய்தியின் ஆயுள், மறுமுயற்சிகளோடு ஒன்றைக் கூட்டி, அதை இடைவெளியால் பெருக்கினால் வருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 3 மறுமுயற்சி, 5 நிமிட இடைவெளி என்றால் 4-ஐ 5-ஆல் பெருக்கி 20 நிமிடம். செய்தியின் ஆயுள் அதைவிட நீளமாக இருந்தால்தான் கடைசி முயற்சிவரை அது உயிரோடு இருக்கும். இடைவெளியில் 5 மாதம் என்று விழுந்திருந்தால் கணக்கு 20 மாதம் என்று வரும். ஒரு நாள் ஆயுள் கொண்ட செய்திக்கு அது பொருந்தாது என்று மென்பொருள் உடனே நிறுத்தியிருக்கும். தாளில் இருந்து எண்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே அடிக்கும்போது இந்தக் கணக்கைப் போட யாருக்கும் தோன்றாது. எல்லா நிபந்தனைகளும் ஒரே ஆவணத்தில் கட்டம் கட்டமாக இருக்கும்போது ஒன்றோடொன்று ஒப்பிடுவது சுலபம்.

இது நடைமுறையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இங்கிலாந்தின் அரசு சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸைச் சொல்வேன். அங்கே ஒருவர் ஊர் மாறினால் புதிய இடத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்வார். பழைய மருத்துவரிடம் இருந்த மின்னணு மருத்துவக் குறிப்புகள் புதிய மருத்துவரிடம் வந்து சேர வேண்டும். இதற்கென 'ஜிபி டு ஜிபி' என்ற சேவை இருக்கிறது. ஜிபி என்றால் அங்கே குடும்ப மருத்துவர். குறிப்புகள் 'ஸ்பைன்' என்ற மத்திய வலையமைப்பு வழியாக, ஈபிஎக்ஸ்எம்எல் செய்திகளாகப் பயணிக்கும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மருத்துவ நிலையங்கள், எல்லோரிடமும் ஒரே மென்பொருள் கிடையாது. ஒவ்வொரு ஜோடியும் உட்கார்ந்து பேசி அமைவு செய்ய வேண்டும் என்றால் வாழ்நாள் போதாது.

அதனால் அவர்கள் ஒரு பொது டைரக்டரி வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு நிலையத்துக்கும், அது ஏற்கும் ஒவ்வொரு வகைச் செய்திக்கும், 'ஒப்பந்தப் பண்புகள்' பதிவாகி இருக்கும். சிபிஏ எண், முகவரி, எத்தனை முறை மறுமுயற்சி, எவ்வளவு இடைவெளி, ஒப்புகை கேட்க வேண்டுமா, ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அனுப்பும் பக்கத்துக் கூறு டைரக்டரியைக் கேட்டு, வரும் பதிலுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். ஒவ்வொரு நிலையத்திலும் போய் யாரும் எண்களை அடிக்க வேண்டியதில்லை. ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற தகவல் புதிய மருத்துவரிடம் வந்து சேர்வது, யாரோ ஒருவர் ஒரு எழுத்தைச் சரியாக அடித்தாரா என்பதை நம்பி இருக்கக்கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை பார்த்தது 'எப்படிப் பேசுவது' என்பது பற்றிய ஒப்பந்தம். 'எவ்வளவு நன்றாகச் செய்வது' என்பது பற்றிய ஒப்பந்தம் இன்னொரு வகை. எஸ்எல்ஏ என்று அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும். சேவைத் தர உடன்படிக்கை. "மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை இயங்கும்" என்பது அப்படி ஒரு வாக்கு. 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள், அதில் 0.1 சதவீதம் 43 நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவு நேரம் படுக்கலாம், அதற்கு மேல் கூடாது. 99.99 என்று ஒரு 9 கூட்டிவிட்டால் நாலே கால் நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். எழுதும்போது ஒரு இலக்கம், நடத்தும்போது வேறு மாதிரியான ஒரு அமைப்பே தேவைப்படும்.

இத்தகைய வாக்குகளைக் கணினிக்குப் புரியும் வடிவில் எழுத, ஓபன் கிரிட் ஃபோரம் என்ற அமைப்பு 2007-இல் டபிள்யூஎஸ்-அக்ரிமென்ட் என்ற தரத்தை வெளியிட்டது. அதில் சேவை என்ன என்பது ஒரு பகுதி, உத்தரவாதம் என்ன என்பது இன்னொரு பகுதி. உத்தரவாதத்தோடு எந்தச் சூழ்நிலையில் அது செல்லும் என்பதும், தவறினால் என்ன அபராதம் என்பதும் சேர்ந்தே வரும்.

இங்கே அமைவு கொஞ்சம் கடினமாகிறது. மறுமுயற்சி 3 என்றால் 3 என்று எழுதிவிடலாம். 'விநாடிக்கு 100 கோரிக்கைகளைத் தாங்கும்' என்ற வாக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதைக் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். ஒரு கோரிக்கையை முடிக்க 0.2 விநாடி ஆகிறது என்று அளந்து வைத்திருக்கிறோம். விநாடிக்கு 100 வந்தால், எந்த நொடியில் பார்த்தாலும் சராசரியாக 20 கோரிக்கைகள் உள்ளே இருக்கும். வருகை வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை. இதை 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தார், லிட்டில் விதி என்பார்கள். ஒரு சர்வர் ஒரே சமயத்தில் 4 கோரிக்கைகளைக் கவனிக்கும் என்றால் 5 சர்வர் வேண்டும். சராசரியை மட்டும் நம்ப முடியாது, கூட்டம் சில சமயம் ஒரேயடியாக வரும். அதனால் 7 அல்லது 8 வைப்பது புத்திசாலித்தனம்.

அந்த எண்ணிக்கையை அப்படியே காப்பாற்றுவது யார்? கூகுள் 2014-இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அதனிடம் "இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று கட்டளை கொடுப்பதில்லை. "இந்தச் சேவையின் 8 பிரதிகள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்" என்று விரும்பும் நிலையை மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். அது ஓயாமல் எண்ணிப் பார்க்கும். ஒன்று விழுந்து 7 ஆனால் புதிதாக ஒன்றை எழுப்பும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை எப்படி நீர்மட்டம் இறங்கியதும் திறந்து, ஏறியதும் மூடுகிறதோ, அதே போல. சுமைக்கு ஏற்ப எண்ணிக்கையை மாற்றும் பகுதியும் அதில் உண்டு. 5 பிரதிகள் 90 சதவீதச் சுமையில் ஓடுகின்றன, நாம் விரும்புவது 60 சதவீதம் என்றால், 5-ஐ 90-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்து 7.5, மேல்நோக்கி முழுமையாக்கி 8. வேறு எதுவும் சொல்லாவிட்டால் 15 விநாடிக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

அதாவது, அமைவு என்பது முதல் நாள் செய்துவிட்டு மறக்கும் வேலை இல்லை. ஒப்பந்தம் சொல்வது ஒன்றும் மென்பொருள் இருக்கும் நிலை வேறொன்றுமாக மெல்ல விலகிக்கொண்டே போகும். யாரோ அவசரத்துக்கு ஒரு எண்ணை மாற்றியிருப்பார்கள், ஒரு சர்வர் மட்டும் பழைய பதிப்பில் நின்றிருக்கும்.

அந்த ஒற்றை சர்வர் என்ன செய்யும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தையில் நடந்ததே சாட்சி. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. கையால் செய்த வேலை. 7-இல் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. புதிய நிரல் பயன்படுத்திய அதே அடையாளக் குறி, அந்த எட்டாவது சர்வரில் பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய நிரலை எழுப்பிவிட்டது. வந்த சிறு முதலீட்டாளர் ஆர்டர்கள் 212 மட்டுமே. சந்தைக்குப் போய் நடந்த பரிவர்த்தனைகளோ 40 லட்சத்துக்கும் மேல். எல்லாம் 45 நிமிடத்துக்குள். நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னர் பதிவு செய்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினி, பிழை இருக்கிறது என்று 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது ஒப்பந்தத்தில் இருந்து அமைவை எடுத்த கதை இல்லை. ஆனால் தானியங்கி அமைவை உருவாக்கும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது இதில் இருக்கிறது. எட்டுக் கூறுகளில் ஏழு மாறி ஒன்று நின்றுவிட்டால், மாறிய ஏழையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும், அல்லது எட்டாவது மாறும்வரை எதையும் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கூறும் தான் எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சிபிஏவுக்குத் தனி எண் இருப்பதும், வரும் ஒவ்வொரு செய்தியும் அந்த எண்ணைத் தாங்கி வருவதும் இதற்குத்தான். எண் பொருந்தாத செய்தி வந்தால், வாங்கும் பக்கம் அதைப் பிழை என்று சொல்லித் தடுக்க முடியும்.

"அப்படியானால் இதுதானே ஸ்மார்ட் கான்ட்ராக்ட்?" என்று சிலர் கேட்பார்கள். உறவு உண்டு, ஆனால் ஒன்று அல்ல. கணினி அறிஞர் நிக் சாபோ 1990-களில் முன்வைத்து, பிறகு எத்தீரியம் போன்ற பிளாக்செயின் வலையமைப்புகளில் பரவிய ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டில் ஒப்பந்தமே நிரலாக ஓடுகிறது. நாம் பார்த்த வகையில் ஒப்பந்தம் தரவாகவே இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் மென்பொருள் அதைப் படித்துத் தன்னை அமைத்துக்கொள்கிறது. வாசித்துப் பார்த்துத் திருத்துவதற்கு எனக்கு இரண்டாவதுதான் எளிதாகத் தெரிகிறது.

எல்லா வரியையும் கட்டத்தில் அடைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 'நியாயமான காலத்துக்குள்', 'நல்லெண்ணத்தோடு', 'இயற்கைச் சீற்றம் நேர்ந்தால் தவிர' போன்ற சொற்கள் எந்த ஒப்பந்தத்திலும் இருக்கும். இவற்றை எண்ணாக மாற்ற முயல்வது தவறு என்பது என் கருத்து. மனிதர்கள் பேசித் தீர்க்க விட்ட இடம் அது. நல்ல அமைப்பு ஒன்றில், மென்பொருளால் தீர்க்க முடியாத வரிகளுக்கு நேராக ஒரு மனிதரின் பொறுப்பு எழுதப்பட்டிருக்கும்: இந்த நிலை வந்தால் இவருக்குத் தகவல் போக வேண்டும் என்று. அப்படி எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 97 மின்னஞ்சல்கள் இருக்கின்றன.

கூட்டாளிகள் பெருகினால் இன்னொரு சிக்கல். 50 நிறுவனங்கள் ஒருவரோடு ஒருவர் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டால் 1,225 ஒப்பந்தங்கள் ஆகும். இன்வாய்ஸ் போன்ற வணிக ஆவணங்களை மின்னணு வழியில் அனுப்ப ஐரோப்பாவில் 2008-இல் தொடங்கிய பெப்போல் வலையமைப்பு இதை வேறு விதமாக அணுகியது. எல்லோரும் ஒரே பொது உடன்படிக்கையில் சேர வேண்டும். யாரால் எந்த ஆவணத்தை வாங்க முடியும் என்பதைப் பொது இடத்தில் பதிந்து வைக்க வேண்டும். அனுப்பும் மென்பொருள் இன்வாய்ஸ் கிளம்பும் நேரத்தில் அதைத் தேடிப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளும். 2018-இல் சிங்கப்பூரும் இதில் சேர்ந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் வந்தது அதுதான்.

கடைசியாக, பெரும்பாலானவர்கள் மறந்துவிடும் ஒரு கட்டம்: ஒப்பந்தத்தின் முடிவுத் தேதி. கையால் அமைத்த இடங்களில் ஒப்பந்தம் முடிந்து வருடக்கணக்கான பிறகும் பழைய கூட்டாளியின் சான்றிதழ் பெட்டகத்தில் கிடக்கும், வாசல் திறந்தே இருக்கும். சிபிஏவில் அந்தத் தேதி மென்பொருள் படிக்கும் இடத்திலேயே இருக்கிறது. அந்த நாள் வந்ததும் புதிதாக எந்தப் பரிவர்த்தனையும் தொடங்கக் கூடாது; ஆனால் பாதியில் இருப்பவற்றை முடிக்க விட வேண்டும் என்று தரம் சொல்கிறது. கடைசி ஒப்புகை வந்து சேர்ந்த பிறகு சான்றிதழை எடுத்துவிடலாம், வாசலையும் மூடலாம்.